பக்கப்பட்டை விட்ஜெட்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பிளாகர் வலைப்பூவின் பக்கப்பட்டையில் அண்மைப் பதிவுகளையோ, ஒரு லேபிளின் கீழ் வரும் பதிவுகளையோ படத்துடனும் சுருக்கத்துடனும் காட்டும் விட்ஜெட்டைச் சொந்தமாக எழுதுகிறவர்கள் ஏறத்தாழ ஒரே அமைப்பைத்தான் பின்பற்றுகிறார்கள். தளவமைப்புப் பக்கத்தில் ‘ஹெச்டிஎம்எல்/ஜாவாஸ்கிரிப்ட்’ கேட்ஜெட்டைச் சேர்த்து, அதற்குள் மூன்று பகுதிகளை வைக்கிறார்கள். பட்டியல் வந்து அமர வேண்டிய, ஐடி கொடுக்கப்பட்ட வெற்று டிவ் (ஹெச்டிஎம்எல் பெட்டி) ஒன்று. வருகிற தரவை வாங்கிப் பட்டியலாக்கும் ஃபங்ஷன் ஒன்று. வலைப்பூவின் ஓடையை, அதாவது பதிவுகளின் விவரங்களைப் பிற நிரல்களுக்குத் தரும் ஃபீடை, ஜேசன் என்ற தரவு வடிவில் கேட்டு, கிடைத்ததை அந்த ஃபங்ஷனிடம் ஒப்படைக்கச் சொல்லும் ஸ்கிரிப்ட் வரி ஒன்று. விட்ஜெட் கெடும்போது இம்மூன்றில் எது கெட்டது என்பது நிரலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எளிதில் பிடிபடாது. எந்தப் பக்கத்தில் கெடுகிறது, எந்தப் பதிவோடு கெடுகிறது, எந்த உலாவியில் கெடுகிறது என்று முதலில் பார்த்துவிட்டால், நிரலில் கை வைக்கும் முன்பே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எதையும் மாற்றுவதற்கு முன், வலைப்பூவின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் காப்புநகலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்ஜெட்டின் நிரலையும் தனியாக ஓர் எளிய உரைத்திருத்தியில் ஒட்டிச் சேமித்துக்கொள்ளுங்கள். சொற்செயலியில் சேமிக்க வேண்டாம். காரணம் அடுத்த பகுதியிலேயே வருகிறது.

## விட்ஜெட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை

கேட்ஜெட்டின் உள்ளடக்கம் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, ‘பட்டியல் இங்கே வரும்’ என்ற ஒற்றை வாக்கியத்தை மட்டும் இட்டுச் சேமித்து, வலைப்பூவைத் திறந்து பாருங்கள். வாக்கியம் தெரிந்தால் இடத்தில் குறையில்லை, நிரலில்தான் குறை. வாக்கியமும் தெரியவில்லையென்றால் நிரலைத் திருத்துவதில் பயனில்லை. கேட்ஜெட்டே பக்கத்துக்கு வந்து சேரவில்லை, அல்லது வந்தபின் மறைக்கப்படுகிறது.

மறைக்கப்படுகிறதா என்பதை அறிய, நீட்சிகள் எதுவும் இல்லாத வேறோர் உலாவியில் அதே பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்கே தெரிந்து உங்கள் உலாவியில் மட்டும் தெரியாவிட்டால், விளம்பரத் தடுப்பான்மீது சந்தேகம் கொள்ளலாம். இத்தகைய தடுப்பான்கள் ஐடியையும் கிளாஸ் பெயரையும் வைத்தே பல உறுப்புகளை மறைக்கின்றன; ஆகவே விளம்பரம் எதுவும் இல்லாத ஒரு பட்டியலுக்கு ‘ஆட்ஸ்’, ‘பேனர்’, ‘ஸ்பான்சர்’ போன்ற சொற்களைக் கொண்ட பெயரை வைத்திருந்தாலும் அது மறைந்துபோகும். பெயரை மாற்றினால் போதும். உங்களுக்குத் தெரிந்து வாசகர் சிலருக்கு மட்டும் தெரியவில்லை என்ற புகார் வரும்போதும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வாக்கியம் தெரிந்து பட்டியல் மட்டும் வராத நிலையில், நிரலைத் திரும்ப ஒட்டிவிட்டு, கணினியில் எஃப்12 விசையை அழுத்தி உலாவியின் கன்சோலைத் திறவுங்கள். சிவப்பு வரிகள் பல இருந்தால் முதல் வரியை மட்டும் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். எடுத்துக்காட்டாக, ஃபங்ஷனுக்குள் மூடாத அடைப்புக்குறி போன்ற இலக்கணப் பிழை இருந்தால் உலாவி அந்த ஸ்கிரிப்ட் தொகுதி முழுவதையும் தள்ளிவிடும். பின்னர் ஓடையிலிருந்து தரவு வந்து அந்த ஃபங்ஷனைத் தேடும்போது, அப்படியொரு பெயரே வரையறுக்கப்படவில்லை என்று இரண்டாவது வரி வரும். இரண்டாவது வரியை மட்டும் பார்க்கிறவர், கண்ணெதிரே ஃபங்ஷன் இருந்தும் இல்லை என்கிறதே என்று குழம்பிப்போவார்.

முதல் வரி இலக்கணப் பிழையைச் சொன்னால், மேற்கோள் குறிகளைப் பாருங்கள். நிரலுக்கு வேண்டியவை ' என்றும் " என்றும் நேராக நிற்கும் குறிகள். சொற்செயலிகளும் பல இணையப் பக்கங்களும் இவற்றை ‘ ’ என்றும் “ ” என்றும் வளைத்துவிடுகின்றன. அச்சுக்கு அழகு சேர்க்கும் இந்த உபகாரத்தால் நிரல் அடியோடு படுத்துவிடும். அதுவும் மேலோட்டமான பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. வேறிடத்திலிருந்து நகலெடுத்த நிரலானால், காரணம் தேடுவதற்கு முன்பே எல்லா மேற்கோள் குறிகளையும் கையால் அடித்து மாற்றிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பெயர் வரையறுக்கப்படவில்லை என்பதே முதல் வரியாக இருந்தால் வரிசை தவறியிருக்கிறது: ஃபங்ஷன் மேலே, ஓடையை அழைக்கும் ஸ்கிரிப்ட் வரி கீழே என்றிருக்க வேண்டும். ஓடை முகவரியின் இறுதியில் கால்பேக் (தரவை வாங்க வேண்டிய ஃபங்ஷன்) என்று குறிப்பிட்ட பெயரும் ஃபங்ஷனின் பெயரும், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு உட்பட, ஒன்றாக இருக்க வேண்டும். வெறுமையின்மீது எழுத முடியாது என்ற பொருளில் ‘நல்’ (null) என்ற சொல்லோடு வரி வந்தால், டிவ்வின் ஐடியும் ஃபங்ஷன் தேடும் ஐடியும் பொருந்தவில்லை, அல்லது டிவ் உருவாகும் முன்பே ஃபங்ஷன் ஓடிவிட்டது.

பாதுகாப்பற்ற முகவரி தடுக்கப்பட்டது என்று வந்தால், ஓடையின் முகவரியை ‘ஹெச்டிடிபி’ எனத் தொடங்கி எழுதியிருக்கிறீர்கள். பக்கமோ ‘ஹெச்டிடிபிஎஸ்’ வழியாகத் திறந்திருக்கிறது. இதற்கு ஓர் எழுத்தைக் கூட்டுவதைவிட நல்ல தீர்வு, தளத்தின் பெயரையே விட்டுவிட்டு, முதல் சாய்கோட்டில் தொடங்கும் பாதையை மட்டும் எழுதுவது. அப்படி எழுதினால், நாளை வலைப்பூவைச் சொந்த டொமைனுக்கு மாற்றினாலும் விட்ஜெட் தானாகவே புதிய முகவரியிலிருந்து தரவை எடுத்துக்கொள்ளும். வேறொரு வலைப்பூவின் பதிவுகளைக் காட்டும்போது மட்டுமே முழு முகவரி தேவை.

சிவப்பு வரி ஒன்றுகூட இல்லாமல் பட்டியல் வெறுமையாக இருந்தால், ஓடையின் முகவரியை நகலெடுத்து உலாவியின் புதிய தாவலில் நேரடியாகத் திறந்து பாருங்கள். அங்கேயும் பதிவுகள் இல்லையென்றால் அமைப்புகளில் ஓடை ‘எதுவுமில்லை’ என்று வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது வலைப்பூ அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்று பூட்டப்பட்டிருக்கலாம். இவ்விரண்டுக்கும் நிரலில் தீர்வு கிடையாது.

## நிரல் ஓடாமல் எழுத்தாகவே பக்கத்தில் தெரிகிறது

‘உரை’ கேட்ஜெட்டில் ஒட்டியிருக்கிறீர்கள், அல்லது ஸ்கிரிப்ட் டேக்கை விட்டுவிட்டு உள்ளிருக்கும் நிரலை மட்டும் ஒட்டியிருக்கிறீர்கள். கேட்ஜெட்டை நீக்கிவிட்டு ‘ஹெச்டிஎம்எல்/ஜாவாஸ்கிரிப்ட்’ வகையைச் சேர்த்து மீண்டும் முழுதாக ஒட்டுங்கள்.

இதையொத்த இன்னொன்று: முகப்பில் மட்டும் விட்ஜெட் தெரிய வேண்டும் என்பதற்காக, தீமில் பயன்படும் ‘பி:இஃப்’ நிபந்தனையைக் கேட்ஜெட்டுக்குள் எழுதுகிறார்கள், எந்த விளைவும் இருப்பதில்லை. ‘பி:’ என்றும் ‘டேட்டா:’ என்றும் தொடங்கும் டேக்குகளைப் பிளாகரின் வழங்கி தீமைப் படிக்கும்போது மட்டுமே புரிந்துகொள்கிறது. கேட்ஜெட்டின் உள்ளடக்கத்தை அது தொடாமல் அப்படியே உலாவிக்கு அனுப்பிவிடுகிறது. நிபந்தனை வேண்டுமானால் தீமைத் திருத்தும் பக்கத்தில் அந்த விட்ஜெட்டின் ‘மெயின்’ பகுதிக்குள் எழுத வேண்டும்.

## பட்டியல் பாதியில் நின்றுவிடுகிறது

பத்துப் பதிவுகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்று மட்டும் வருகின்றன. நான்காவது பதிவைத் திறந்து பாருங்கள். அதில் படம் இருக்காது.

ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் சிறுபடத்தின் முகவரி ஒரு தனிப் புலமாக வருகிறது. படமே இல்லாத பதிவுக்கு அந்தப் புலம் வெறுமையாக வருவதில்லை, அடியோடு இருப்பதில்லை. இல்லாத ஒன்றுக்குள் முகவரியைத் தேடும்போது ஃபங்ஷன் அந்த இடத்திலேயே முறிந்து, எஞ்சிய பதிவுகளைக் கவனிக்காமல் போய்விடுகிறது. ஒவ்வொரு பதிவையும் உடனுக்குடன் பக்கத்தில் எழுதும் நிரலானால் அதுவரை வந்தவை தெரியும். எல்லாவற்றையும் ஒரு சரமாகத் தொகுத்துக் கடைசியில் எழுதும் நிரலானால் ஒன்றுமே தெரியாது. ஆகவே நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த விட்ஜெட், புதிய பதிவு ஒன்றை வெளியிட்டவுடன் முழுவதும் மறைந்துபோனால், அந்தப் பதிவில் படம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

தீர்வு எளிது: புலம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் பொதுப்படம் ஒன்றின் முகவரியைக் கொடுத்துவிடலாம். இதே எச்சரிக்கை வேறு மூன்று இடங்களிலும் தேவை. லேபிள் இடப்படாத பதிவுக்கு லேபிள் புலம் இருக்காது. ஓடை ‘சுருக்கம்’ என்று அமைக்கப்பட்டிருந்தால் முழு உள்ளடக்கத்தின் புலம் இல்லாமல் சுருக்கப் புலம் மட்டும் வரும்; எனவே முதலாவது இல்லையென்றால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். கேட்ட லேபிளில் பதிவே இல்லாவிட்டால், பதிவுகளின் பட்டியல் புலமே வராது.

பாதியில் நிற்காமல், கேட்ட எண்ணிக்கையைவிடக் குறைவாக, அதுவும் எப்போதும் 25 மட்டும் வந்தால் அது பிழையன்று. ‘மேக்ஸ்-ரிசல்ட்ஸ்’ என்ற அளவுரு விடுபட்டால் ஓடை தரும் இயல்பான எண்ணிக்கை அது. அளவுருவின் பெயரைத் தவறாக எழுதியிருந்தாலும் ஓடை அதைப் பொருட்படுத்தாமல் 25 பதிவுகளையே தரும்.

## சில தலைப்புகளைச் சொடுக்கினால் வேறெங்கோ போகிறது

பெரும்பாலான தலைப்புகள் சரியான பதிவைத் திறக்கின்றன; ஒன்றிரண்டு மட்டும் குறியீடுகள் நிறைந்த எக்ஸ்எம்எல் பக்கத்தைத் திறக்கின்றன, அல்லது முகவரியே இல்லாமல் நிற்கின்றன. அந்த ஒன்றிரண்டு பதிவுகளிலும் கருத்துப்பெட்டி மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் இணைப்பு மட்டுமல்ல, ஓர் இணைப்புப் பட்டியலே வருகிறது: கருத்துகளுக்கு இரண்டு, திருத்துவதற்கு ஒன்று, ஓடையில் அப்பதிவின் சொந்த முகவரி ஒன்று, அதன்பின் வாசகர் திறக்க வேண்டிய உண்மையான முகவரி. பழைய நிரல்கள் பல, ஐந்தாவது இணைப்பை எடு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதப்பட்டவை. கருத்துகள் மூடப்பட்ட பதிவில் முதல் இரண்டும் இராது. ஐந்தாவது என்று ஒன்றே இருக்காது; நிரல் எழுதப்பட்ட விதத்துக்கேற்பத் தவறான இணைப்போ வெற்று முகவரியோதான் மிஞ்சும். வரிசை எண்ணை நம்பாமல், ஒவ்வோர் இணைப்பின் ‘ரெல்’ பண்பையும் படித்து, அது ‘ஆல்டர்னேட்’ என்று இருப்பதை மட்டும் எடுக்கும்படி ஒரு சிறு சுழற்சி எழுதுங்கள். இந்தப் பிழை மாதக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கும் வகையைச் சேர்ந்தது. பட்டியலில் உள்ள எல்லாத் தலைப்புகளையும் ஒருமுறை வரிசையாகச் சொடுக்கிப் பார்ப்பது வீண்வேலை அன்று.

## சிறுபடங்கள் மங்கலாக இருக்கின்றன

ஓடை தருவது 72 பிக்சல் அகலமும் உயரமும் உள்ள, சதுரமாக வெட்டப்பட்ட படம். அதை 200 பிக்சலுக்கு இழுத்தால் மங்கத்தான் செய்யும். படத்தின் முகவரியிலேயே ‘எஸ்72-சி’ என்ற துண்டு இருக்கும். அதிலுள்ள எண்ணை மாற்றினால் அந்த அளவில் படம் கிடைக்கும். வேலை செய்துகொண்டிருந்த இந்த மாற்றம் சில பதிவுகளில் மட்டும் பலிக்காமல் போவதற்குக் காரணம், எஸ்72 என்பதற்கும் சி என்பதற்கும் நடுவே அகலமும் உயரமும் நுழைந்துகொள்ளும் முகவரிகளும், சாய்கோடுகளுக்கு நடுவே அல்லாமல் சமக்குறிக்குப் பின் இத்துண்டை வைக்கும் முகவரிகளும் வழக்கத்தில் இருப்பதுதான். ஆகவே சாய்கோடுகளையும் சேர்த்துத் தேடாமல், எஸ்72-இல் தொடங்கிச் சி-யில் முடியும் துண்டு முழுவதையும் பிடிக்கும் தேடல் கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) ஒன்றை எழுதுங்கள். யூடியூப் காணொளி மட்டுமே உள்ள பதிவுகளுக்கு வருவது யூடியூபின் 120-க்கு 90 பிக்சல் படம். அதன் முகவரியில் இத்துண்டே இராது.

## தமிழ் எழுத்துகள் சிதைகின்றன

ஆங்கிலப் பதிவுகளை வைத்து எழுதிச் சோதிக்கப்பட்ட நிரல்கள் தமிழில் தடுக்கி விழும் இடங்கள் இவை. மூன்று வெவ்வேறு பிழைகள் இங்கே கலந்து வருவதால், பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சுருக்கத்தின் கடைசி எழுத்து மட்டும் கெடுவது. நூறாவது குறியோடு வெட்டு என்று சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்துகளை அன்று. ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து. அதற்கு ஐந்து, ஏனெனில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ‘பதிவுகள்’ என்பதில் எட்டு இருக்கின்றன. ஏழில் வெட்டினால் ‘பதிவுகள’ என்று புள்ளியை இழந்து நிற்கும், நான்கில் வெட்டினால் ‘பதிவ’ என்று நிற்கும். எஞ்சிய பகுதியை ‘மேலும்’ என்ற பொத்தானுக்குப் பின் காட்டும் விட்ஜெட்டானால், அந்தப் பகுதி உயிர்க்குறியோடு தொடங்கி, புள்ளிவட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு வரும்.

வெட்ட வேண்டிய எல்லைக்கு முன்னால் உள்ள கடைசி இடைவெளியைத் தேடி அங்கே வெட்டுவது எளிய தீர்வு. முழுச் சொல்லோடு முடிவதால் படிக்கவும் நன்றாக இருக்கும். என் விருப்பம் வேறு: நிரலில் நுட்பமாக வெட்டுவதை விட்டுவிட்டு, சுருக்கத்தைச் சற்று நீளமாகவே கொடுத்து, மூன்று வரிக்கு மேல் காட்டாதே என்று, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் வரிவரம்பு விதியிடம் ஒப்படைத்துவிடுவேன். எங்கே எழுத்து முடிகிறது என்பது உலாவிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பக்கப்பட்டையின் அகலம் மாறினாலும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டாவது, எழுத்துகளின் தலையும் காலும் வெட்டுப்படுவது. ‘கீ’, ‘மி’ போன்றவற்றின் மேல்வளைவும், ‘கூ’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்ச்சுழியும் பாதி மறைந்திருந்தால், வரியுயரம் 1 அல்லது 1.2 என்று இறுக்கமாக வைக்கப்பட்டு, வழிவதை மறைக்கும் விதியும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். வரியுயரத்தை 1.6 அளவுக்கு உயர்த்துங்கள். தீமின் தலைப்புகளுக்கு எழுத்திடைவெளி கூட்டப்பட்டிருந்தால் அதையும் விட்ஜெட்டுக்குள் பூச்சியமாக்கிவிடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்காகச் செய்த அலங்காரம் தமிழுக்கு ஒத்துவராது.

மூன்றாவது, கண்ணுக்கு எந்தச் சிதைவும் தெரியாமல், தமிழ் லேபிளைக் கேட்டால் பதிவுகளே வராமல் போவது. லேபிளின் பெயரை ஓடையின் முகவரியில் சேர்க்கும்போது அது விழுக்காட்டுக் குறியீடாக மாற்றப்பட வேண்டும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் என்பதால், மாற்றிய பின் ஒவ்வொன்றும் ஒன்பது குறிகளாக நீளும். முகவரி அச்சுறுத்தும் நீளத்துக்குப் போவது இயல்பே. ஜாவாஸ்கிரிப்டின் குறியாக்க ஃபங்ஷனிடம் இந்த வேலையை விட்டுவிடுங்கள். அதையே இருமுறை செய்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இருமுறை குறியாக்கம் செய்த லேபிள் எந்தப் பதிவோடும் பொருந்தாது.

அதுவும் சரியாக இருந்து, இன்னமும் வரவில்லையென்றால், லேபிளில் ஒகர ஓகார ஔகார எழுத்துகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். ‘தொடர்’ என்பதிலுள்ள ‘தொ’வை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுத முடியும்: தகரமும் ஒகரத்துக்கான ஒற்றைக் குறியும், அல்லது தகரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றும். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒரு விசைப்பலகையில் அடித்து இட்ட லேபிளை இன்னொரு விசைப்பலகையில் அடித்துத் தேடினால் இது நேரலாம். ஜாவாஸ்கிரிப்டின் ‘நார்மலைஸ்’ வசதி மூன்று துண்டுகளை இரண்டாகச் சேர்த்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் ஔகாரத்தின் வாற்குறிக்குப் பதிலாக ‘ள’ என்ற எழுத்தையே அடித்திருந்தால் எந்த வசதியும் அதைத் திருத்தாது. லேபிளையே மாற்ற வேண்டும். விட்ஜெட்டில் லேபிளின் பெயரைக் கையால் அடிக்காமல், ஏற்கெனவே உள்ள பதிவொன்றிலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை வராது.

## பக்கப்பட்டை பதிவுகளுக்குக் கீழே இறங்கிவிட்டது

இந்த அறிகுறியில் இடம்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடும். எல்லாப் பக்கங்களிலும் இறங்கியிருந்தால் விட்ஜெட்டோ தீமின் சிஎஸ்எஸ்ஸோ காரணம். குறிப்பிட்ட ஒரு பதிவின் தனிப்பக்கத்தில் மட்டும் இறங்கியிருந்தால், அப்பதிவின் ஹெச்டிஎம்எல்லில் டிவ் ஒன்று கூடுதலாக மூடப்பட்டிருக்கிறது அல்லது மூடப்படாமல் இருக்கிறது. விட்ஜெட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முகப்பில் மட்டும் இறங்கி, புதிய பதிவுகள் சேரச் சேரச் சில நாளில் தானாகவே சரியாகிவிட்டால், முகப்பில் அப்போது இருந்த ஏதோ ஒரு பதிவே குற்றவாளி. அது பழைய பதிவுகளின் பக்கத்துக்கு நகர்ந்துவிட்டதால் முகப்பு சரியானதே தவிர, பிழை தீரவில்லை.

விட்ஜெட்தானா என்று உறுதிசெய்ய, முன்பு சொன்னபடி உள்ளடக்கத்தை எடுத்துவிட்டு ஒற்றை வாக்கியத்தை இட்டுப் பாருங்கள். பக்கப்பட்டை மேலே ஏறிவிட்டால் திறந்த டிவ்களையும் மூடிய டிவ்களையும் எண்ணுங்கள். ஒன்று கூடுதலாக மூடப்பட்டிருந்தால், அது விட்ஜெட்டை மட்டுமல்லாமல் அதைச் சுற்றியிருக்கும் பக்கப்பட்டையையும் மூடிவிடுகிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் இறங்கினால், பட்டியலைப் பக்கத்தில் எழுதும் முறையைப் பாருங்கள். பதிவின் முழு உள்ளடக்கத்தையும் எடுத்து, டேக்குகளை நீக்காமல் முதல் முந்நூறு குறிகளை மட்டும் வெட்டிக்கொண்டால், திறந்த டேக்குகள் மூடப்படாமல் தொங்கும். இதை ‘டாக்குமென்ட்.ரைட்’ மூலம் எழுதினால் அந்தத் தொங்கல் பக்கத்தின் ஓட்டத்திலேயே கலந்து, பின்வரும் எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். டிவ்வின் ‘இன்னர்ஹெச்டிஎம்எல்’ வழியாக எழுதினால் உலாவி அந்த டிவ்வுக்குள்ளேயே எல்லாவற்றையும் மூடிவிடும். சேதம் விட்ஜெட்டைத் தாண்டாது. இரண்டையும்விட, சுருக்கத்தை வெறும் உரையாக எழுதும் ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ வழியே பாதுகாப்பானது. தலைப்பில் < என்ற குறி வந்தாலும் அது குறியாகவே தெரியும். பிறருடைய ஓடையைக் காட்டும்போது அதிலிருக்கும் வேண்டாத ஸ்கிரிப்ட்டும் உள்ளே நுழையாது.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மிஞ்சுவது அகலம். பதிவுப் பகுதியும் பக்கப்பட்டையும் ‘ஃப்ளோட்’ விதியால் மிதக்கவிடப்பட்டு, இரண்டின் அகலமும் சேர்ந்து சரியாக முழு அகலத்துக்குச் சமமாக இருக்கும் பழைய தீம்களில், பக்கப்பட்டைக்கு நீங்கள் சேர்த்த உள்விளிம்பும் கோடும் அகலத்தோடு கூடிவிடுகின்றன. ஒரு பிக்சல் மிஞ்சினாலும் அது கீழே இறங்கித்தான் ஆகும். ‘பாக்ஸ்-சைஸிங்’ பண்பை ‘பார்டர்-பாக்ஸ்’ என்று வைத்தால் உள்விளிம்பும் கோடும் குறித்த அகலத்துக்குள்ளேயே அடங்கும். பக்கப்பட்டைக்கு அகலமே குறிக்கப்படாத தீமில் பெரிய படம் ஒன்றே அதை அகட்டிவிடப் போதும். விட்ஜெட்டில் உள்ள படங்களின் உச்ச அகலத்தை 100 விழுக்காடு என்று கட்டுப்படுத்துங்கள். நீண்ட இணைய முகவரிகள் பட்டியலில் வந்தால், சொல்லை எங்கு வேண்டுமானாலும் மடிக்க அனுமதிக்கும் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## தீமைச் சேமிக்க விடாமல் பிழை காட்டுகிறது

கேட்ஜெட்டில் ஓடிய அதே நிரலைத் தீமுக்குள் ஒட்டினால் பிளாகர் ஏற்க மறுக்கும். தீம் என்பது எக்ஸ்எம்எல் ஆவணம்; அங்கே தனியாக நிற்கும் & குறிக்கும் < குறிக்கும் இடமில்லை, படம், வரிமுறிப்பு போன்ற ஒற்றை டேக்குகளும் சாய்கோட்டோடு முடிய வேண்டும். ஸ்கிரிப்ட்டின் உள்ளடக்கத்தை, குறிகளை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லும் ‘சிடேட்டா’ பகுதிக்குள் வைத்துவிட்டால் முதல் தொல்லை தீரும். பிழைச்செய்தி காட்டும் வரி எண்ணை அப்படியே நம்பாமல் அதற்கு மேலேயும் தேடுங்கள். மூடப்படாத டேக் ஒன்று எங்கோ திறந்திருக்க, அது முரண்படும் இடத்தைத்தான் செய்தி சொல்லும்.

ஒரே ஐடியில் இரண்டு விட்ஜெட்டுகள் என்று வந்தால், ஏற்கெனவே உள்ள விட்ஜெட்டின் தொகுதியை நகலெடுத்து, அதன் ஐடியிலுள்ள எண்ணை மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள். செக்ஷன் டேக்குக்குள் விட்ஜெட்டைத் தவிர வேறெதையும் நேரடியாக எழுத முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நிபந்தனை தேவைப்படாத விட்ஜெட்டைத் தீமுக்குள் வைப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, கேட்ஜெட்டிலேயே இருக்கட்டும்.

## இரண்டாவது விட்ஜெட்டைச் சேர்த்ததும் முதலாவது கெட்டது

ஒரு லேபிளுக்கு எழுதிய விட்ஜெட்டை நகலெடுத்து, லேபிளை மட்டும் மாற்றி, இன்னொன்றாகச் சேர்த்திருக்கிறீர்கள். இப்போது மேல்பெட்டியில் இரண்டாவது லேபிளின் பதிவுகள் தெரிகின்றன; கீழ்ப்பெட்டி வெறுமையாக இருக்கிறது. இரண்டு டிவ்களுக்கும் ஒரே ஐடி இருப்பதால், தேடும் நிரல் எப்போதும் முதல் டிவ்வையே கண்டுபிடிக்கிறது. இரண்டு ஓடைகளும் அதிலேயே எழுத, கடைசியில் வந்தது நிலைக்கிறது. ஐடியை மட்டும் மாற்றினாலும் தீராமல் போகலாம், ஏனெனில் ஒரே பெயருள்ள ஃபங்ஷன்களில் பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும். பட்டியலாக்கும் வேலையை ஒரே ஒரு பொது ஃபங்ஷனில் வைத்து, ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் தன் டிவ்வின் ஐடியை அதனிடம் தெரிவிக்கும் இரண்டு வரி ஃபங்ஷன் ஒன்றைத் தனிப்பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

## விட்ஜெட் வந்தபின் பக்கம் திறக்கத் தாமதமாகிறது

ஓடை முகவரியில் ‘டிஃபால்ட்’ என்றிருப்பதைச் ‘சம்மரி’ என்று மாற்றி, சுருக்க ஓடையைக் கேளுங்கள். முழு ஓடை என்றால், ஐந்து தலைப்புகளைக் காட்டுவதற்காக ஐந்து பதிவுகளின் முழு உள்ளடக்கத்தையும் வாசகர் இறக்கவேண்டியிருக்கிறது. ஓடையை அழைக்கும் ஸ்கிரிப்ட் வரிக்கு ‘அசின்க்’ பண்பைச் சேர்த்தால் பக்கம் அதற்காகக் காத்திருக்காது. ஆனால் அதன்பின் ‘டாக்குமென்ட்.ரைட்’ வேலை செய்யாது என்பதால், முன்பு சொன்ன ‘இன்னர்ஹெச்டிஎம்எல்’ அல்லது ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ வழிக்கு முதலில் மாறிவிட வேண்டும். இவ்வளவு சிறிய பட்டியலுக்கு ஜெக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

## தேதி ஒரு நாள் தள்ளித் தெரிகிறது

ஓடையில் வரும் நேரம் வலைப்பூவின் நேர மண்டலத்தில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் தேதிப் பொருள் அதை வாசகரின் கணினி இருக்கும் மண்டலத்துக்கு மாற்றிவிடுகிறது. வெளியிட்ட நேரச் சரத்தின் முதல் பத்துக் குறிகளை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினால் எல்லோருக்கும் ஒரே தேதி தெரியும். நாளுக்குப் பதிலாக மாதம் ஒன்று குறைந்து தெரிந்தால், ஜாவாஸ்கிரிப்ட் மாதங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவதே காரணம்.

## கைப்பேசியில் மட்டும் விட்ஜெட் இல்லை

கணினியிலேயே முகவரியின் இறுதியில் கேள்விக்குறியும் ‘எம்=1’ என்பதும் சேர்த்துத் திறந்தால் கைப்பேசி வடிவம் தெரியும். பழைய தீம்களின் கைப்பேசி வடிவம், தலைப்பு, பதிவுகள், சுயவிவரம் போன்ற சில வகை விட்ஜெட்டுகளை மட்டுமே இயல்பாகக் காட்டும். தீமைத் திருத்தும் பக்கத்தில் உங்கள் விட்ஜெட்டின் தொடக்க டேக்கைக் கண்டுபிடித்து, அதில் ‘மொபைல்’ பண்பை ‘யெஸ்’ என்று சேர்க்க வேண்டும். புதிய தீம்களில் பக்கப்பட்டை மூன்று கோட்டுப் பட்டிக்குப் பின்னாலோ, பதிவுகளுக்கு அடியிலோ போய்விடுவது வடிவமைப்பின்படி நடப்பது. அங்கே விட்ஜெட் இருந்தால் பிழை எதுவும் இல்லை. பட்டிக்குப் பின்னால் வாசகர் அதைத் தேட மாட்டார் என்று தோன்றினால், தளவமைப்புப் பக்கத்தில் கேட்ஜெட்டை இழுத்துப் பதிவுகளுக்குக் கீழுள்ள பிரிவில் வைத்துவிட்டு, அங்கே அகலம் கூடுவதற்கேற்ப வரிவரம்பையும் படத்தின் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள்.